மேஜைமேல் அசையாமல் கிடந்தவளைப் பற்றி: கால்நடை மருத்துவர்களுக்கும் நாய் பராமரிப்பு நிலையத்தாருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கால்நடை மருத்துவர்களுக்கும், அவர்களுக்கு உதவியாக நிற்பவர்களுக்கும், நாய்களைக் குளிப்பாட்டி, ரோமம் வெட்டி, நகம் நறுக்கி அனுப்பும் நிலையங்களை நடத்துவோருக்கும் வணக்கம்.

நான் மருத்துவம் படித்ததில்லை. எட்டு ஆண்டுகளாக ஒரு செவலை நாயோடு வாழ்ந்து வருகிறேன். உங்கள் மேஜையின் மறுபக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றபோது பார்த்தவற்றையும், அதன் பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டவற்றையும் வைத்து உங்களிடம் சில கோரிக்கைகளை முன்வைக்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

அவளுக்கு நான்கு வயது இருக்கும்போது ஒரு பராமரிப்பு நிலையத்துக்கு நகம் வெட்ட அழைத்துப் போனேன். முதல் பாதத்தைத் தொட்டதும் காலை உதறினாள். இரண்டாவது பாதத்தைத் தொட்டதும் உறுமினாள். உடனே ஒருவர் கழுத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டார், இன்னொருவர் இடுப்பை அழுத்திக்கொண்டார், மூன்றாமவர் வெட்டினார். நான்காவது பாதத்துக்கு வந்தபோது அவளிடம் எந்த அசைவும் இல்லை. "பார்த்தீர்களா, பழகிவிட்டாள்" என்று சொன்னார்கள். நானும் தலையாட்டி, நன்றி சொல்லி, பணம் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து பல நாட்கள், தரையில் விழுந்த பேனாவை எடுக்க நான் குனிந்தால்கூடத் தன் முன்கால்களை உடம்புக்கு அடியில் மடக்கி ஒளித்துக்கொண்டாள். அடுத்த முறை அந்தக் கட்டடம் கண்ணில் பட்டதுமே தெருவில் படுத்துவிட்டாள்.

அந்த அசைவின்மை என்னவென்று எனக்கு விளங்குவதற்கு வெகுகாலம் ஆயிற்று. 1967இல் அமெரிக்க உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இன்று நினைத்தால் மனம் கூசும் ஆய்வுதான் அது. நாய்களைத் தொட்டில் போன்ற சேணத்தில் கட்டி மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். ஒரு பிரிவு நாய்களால் தலைக்குப் பக்கத்தில் இருந்த பலகையை அழுத்தி அந்த அதிர்ச்சியை நிறுத்த முடிந்தது. மற்றொரு பிரிவு அதே அளவு அதிர்ச்சியைத்தான் பெற்றது, ஆனால் அது என்ன செய்தும் நிற்கவில்லை. பின்னர், ஒரு தாழ்ந்த தடுப்பைத் தாண்டினாலே தப்பிவிடக்கூடிய பெட்டியில் விட்டபோது, முதல் பிரிவு நாய்கள் தாண்டின. இரண்டாம் பிரிவில் பெரும்பாலானவை தாண்ட முயலாமல் வலியைத் தாங்கிக்கொண்டிருந்தன. இதைக் கற்றுக்கொண்ட இயலாமை என்று அழைத்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 2016இல், அவர்கள் இருவருமே மூளை ஆய்வுகளின் வெளிச்சத்தில் அந்த விளக்கத்தைத் திருத்திக்கொண்டார்கள். நீளும் துன்பத்தின் முன் அடங்கிப்போவதுதான் இயல்பாக நிகழ்வது, 'என்னால் இதை நிறுத்த முடியும்' என்ற உணர்வே கற்றுக்கொள்ளப்படுவது என்பது அவர்களின் புதிய முடிவு. நகவெட்டியும் மின்னதிர்ச்சியும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். ஆயினும் அந்தத் திருத்தத்தைப் படித்தபோது, எங்கள் நாய்க்கு அந்த மேஜையில் எது கிடைக்காமல் போனது என்பது எனக்குப் புரிந்தது. காலை உதறியது அவள் அழுத்திப் பார்த்த பலகை. உறுமல் இன்னும் சற்று ஓங்கி அழுத்தியது. இரண்டுக்கும் பலன் இல்லை என்று கண்டபின்தான் அவள் அடங்கினாள்.

உறுமுவதற்கு முன்பே அவள் நிறையச் சொல்லியிருப்பாள், எனக்குத்தான் அப்போது படிக்கத் தெரியவில்லை. தின்ன எதுவும் இல்லாதபோது உதட்டை நக்குவது, தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, ஒரு முன்காலை லேசாகத் தூக்கி வைத்துக்கொள்வது, நனையாத உடம்பை நனைந்ததுபோல் சிலிர்த்து உதறுவது ஆகியவை பல நேரங்களில் ஒரு நாய் பேச்சைத் தொடங்கும் முறை. இவற்றை நீங்கள் அறியாதவர்கள் அல்லர். ஆனால் வரிசையில் பத்து நாய்கள் காத்திருக்கும்போது இந்தச் சிறு அசைவுகள் பார்வையில் படுவதில்லை. பட்டாலும் 'சீக்கிரம் முடித்துவிட்டால் அதற்கும் நல்லது' என்ற எண்ணமே முந்துகிறது. உறுமலை அதட்டி அடக்கினால் அடுத்த முறை அந்த நாய் உறுமாமல் நேரே கடிக்கக்கூடும் என்பதை, கையில் தழும்பு உள்ளவர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அச்சம் மருத்துவத்தையும் கெடுக்கிறது. நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை. நடுங்கித் திமிறும் நாயிடம் வெப்பம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் மூன்றுமே ஏறியிருக்கலாம். மூச்சிரைக்கும் நாயின் நுரையீரல் ஒலியை ஸ்டெதாஸ்கோப்பில் பிரித்துக் கேட்பது கடினம். வயிற்றுத் தசையை இறுக்கிக்கொண்டிருக்கும் நாயின் அடிவயிற்றைத் தடவி எதையும் கண்டறிவது அதைவிடக் கடினம். மூட்டில் வலியுள்ள நாய் அச்சத்தின் உச்சத்தில் நொண்டாமல் நடந்துவிடுகிறது, நாங்கள் ஏதோ இல்லாத நோயைச் சொல்லி அழைத்து வந்தவர்கள்போல விழிக்கிறோம். இதற்கு மறுபக்கமும் உண்டு. இத்தனை நாள் சீப்பைப் பொறுத்துக்கொண்ட நாய் திடீரென்று முகத்தைத் தொடவிடாமல் சீறினால், அதைக் குணக்கேடு என்று முடிவு கட்டுவதற்குமுன் காதில் புண்ணோ பல்லில் வலியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இனி, வேறு வழி என்ன என்பதற்கு வருகிறேன். அது புதியதும் அல்ல. மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் 1924இல், முயலைக் கண்டு அஞ்சிய, மூன்று வயதுகூட நிறையாத ஒரு குழந்தைக்கு, அது விரும்பி உண்ணும் நேரத்தில் முயலைத் தொலைவில் வைத்து, நாளுக்கு நாள் சற்றே நெருக்கி, கடைசியில் குழந்தையே முயலைத் தடவும்படி செய்தார். நாயிடமும் இதே முறை செல்லும். எனினும், நாங்களும் நீங்களும் இதில் ஓர் இடத்தில் தொடர்ந்து தவறுகிறோம். தின்பண்டத்தை முதலில் நீட்டி, நாய் தின்றுகொண்டிருக்கும்போது ஊசியைக் குத்துகிறோம். இப்படிச் சில முறை நடந்தால் நாய் கற்றுக்கொள்வது 'இறைச்சித் துண்டு வந்தால் பின்னால் ஊசி வரும்' என்பதைத்தான். சில நாய்கள் அதன்பின் கையில் உணவைக் கண்டாலே பின்வாங்குகின்றன. வரிசை மாற வேண்டும். முதலில் தொடுகை, அது முடிந்த நொடியில் தின்பண்டம். தொடுகையும் நாய் கவலைப்படாத அளவில் தொடங்க வேண்டும். பாதம் பிடிக்காது என்றால் தோளில், தோளும் ஆகாது என்றால் கையை அருகே கொண்டுபோவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் இது ஐந்து மாதம் நடந்தது. முதல் வாரம் முழுவதும் நகவெட்டி தரையில் கிடந்தது, அவ்வளவுதான். பிறகு அதைக் கையில் எடுத்தால் ஒரு துண்டு இறைச்சி, நகத்தில் படாமல் காற்றில் 'டிக்' என்று அழுத்தினால் ஒரு துண்டு. அவளுக்கு எல்லா நகமும் கறுப்பு. உள்ளே இரத்தக்குழாயும் நரம்பும் ஓடும் சதை எங்கே முடிகிறது என்று வெளியிலிருந்து தெரியாது. ஆகவே மெல்லிய சீவல்களாக நறுக்கி, வெட்டிய முகத்தின் நடுவில் கருமையான ஒரு புள்ளி தென்பட்டதும் நிறுத்தக் கற்றுக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஒரு நகம்தான். ஒரே அமர்வில் எல்லா நகங்களையும் முடித்துவிட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை என்பது எனக்கு மிகத் தாமதமாகவே உறைத்தது. இவற்றோடு, மடித்த துண்டின்மேல் தாடையை வைத்துக்கொண்டு நிற்க அவளுக்குப் பழக்கினேன். தாடை துண்டில் இருக்கும்வரை நான் என் வேலையைச் செய்யலாம். அவள் தலையைத் தூக்கினால் அந்த நொடியே என் கை விலகும். இது அவளுக்கு இடம் கொடுத்துக் கெடுப்பது என்று உறவினர்கள் கேலி செய்தார்கள். நடந்தது நேர்மாறு. நிறுத்தும் வழி தன்னிடம் இருக்கிறது என்று தெரிந்ததும் அவள் தலையைத் தூக்குவது குறைந்துகொண்டே வந்தது.

பராமரிப்பு நிலையத்தாருக்குத் தனியே இரண்டு சொல். நாயின் செவி ஏறத்தாழ 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நம்முடையது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. முடிவெட்டும் மிஷினும் உலர்த்தியும் உங்களுக்கு எழுப்பும் ஓசையும் அதற்கு எழுப்பும் ஓசையும் ஒன்றல்ல. மிஷினை முதலில் அறையின் மறு கோடியில் ஓடவிடுங்கள், அணைத்துவிட்டு அதன் முதுகை மட்டும் நாயின் தோளில் வையுங்கள், அலகு சூடேறியிருக்கிறதா என்று உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சிக்கு பிடித்துத் தோலோடு ஒட்டிய ரோமத்தை மணிக்கணக்கில் சீப்பால் இழுப்பதைவிட, உரிமையாளரிடம் சொல்லிவிட்டு வழித்துவிடுவது எவ்வளவோ கருணையானது. அழகு குறைந்துவிட்டதே என்று முகம் சுளிப்பவர் நாங்களாகத்தான் இருப்போம், நாய்க்கு அதில் ஒன்றுமில்லை.

மருத்துவர்களிடம் முதல் வேண்டுகோள் குட்டிகளைப் பற்றியது. பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரையான காலமே ஒரு நாய் உலகத்தோடு எளிதாகப் பழகும் காலம். முதல் தடுப்பூசிகளும் பெரும்பாலும் இந்தக் காலத்துக்குள்தான் வருகின்றன. அதாவது, மருத்துவமனை என்றால் என்ன என்பதை ஒரு குட்டி வாழ்நாளுக்கும் முடிவு செய்துகொள்ளும் வாரங்களில் நாம் அதற்குக் காட்டுவது வழுக்கும் எஃகு மேஜை, ஸ்பிரிட் வாடை, ஊசி. மேஜையில் ஒரு ரப்பர் விரிப்பு போடுங்கள், குட்டியைத் தரையிலோ மடியிலோ வைத்துப் பார்க்க முடிந்தால் அப்படியே பாருங்கள். தடுப்பூசிகளுக்கு இடைப்பட்ட நாட்களில் சும்மா வந்து, எடை பார்க்கும் கருவியில் ஏறி, உங்கள் கையால் ஒரு தின்பண்டம் வாங்கிக்கொண்டு திரும்பிப்போக எங்களை அனுமதியுங்கள். அதற்குக் கட்டணம் வேண்டும் என்றால் தருகிறோம்.

அடுத்தது மருந்து. பயணத்துக்குச் சில மணி நேரம் முன்பே வீட்டில் கொடுக்கக்கூடிய, அச்சம் தணிக்கும் காபாபென்டின், ட்ராசோடோன் போன்றவற்றைப் பல மருத்துவர்கள் எல்லா வழியும் தோற்றபின் எடுக்கும் கடைசி ஆயுதமாகவே வைத்திருக்கிறார்கள். மிகுந்த அச்சமுள்ள நாய்க்கு அதை முதல் சந்திப்பிலேயே பேசித் திட்டமிட்டால், கெட்ட அனுபவம் ஒன்று சேர்வதையே தடுக்கலாம். அசெப்ரோமசின் என்ற அமைதிப்படுத்தும் மருந்தைத் தனியாகக் கொடுப்பதைத் தயவுசெய்து மறுபரிசீலனை செய்யுங்கள். அது உடலைத் தளர்த்துகிறது, அச்சத்தைக் குறைப்பதில்லை என்ற கவலை உங்கள் துறைக்குள்ளேயே நெடுநாளாகப் பேசப்படுவது. நாங்களாகவே மருந்துக் கடையில் வாங்கிக் கொடுக்கக்கூடாது என்பதையும் அழுத்திச் சொல்லுங்கள். மனிதருக்கான காபாபென்டின் திரவ மருந்துகளில் நாய்க்கு நஞ்சான சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்தவை உண்டு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

உங்கள் பக்கத்து நியாயத்தை நான் மறக்கவில்லை. இரத்தம் வடிய வந்த நாயிடம் தாடைப் பயிற்சி நடத்த முடியாது. அங்கே பிடித்துத்தான் ஆக வேண்டும், அல்லது மயக்கித்தான் ஆக வேண்டும். உங்கள் விரல்களுக்கும் பாதுகாப்பு வேண்டும். அதனால்தான், வாயைத் திறந்து மூச்சிரைக்கவும் தின்பண்டம் வாங்கவும் இடம் தரும் கூடை வடிவ வாய்ப்பூட்டை வீட்டிலேயே பழக்கி அழைத்து வரும்படி எங்களுக்கு நீங்களே சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டுவிட்டு, தேவைப்படும் நாளில் மூக்கை இறுக்கிக் கட்டுவதுதான் இப்போது நடக்கிறது. ஆனால் நகமும் காதும் ஆண்டுத் தடுப்பூசியும் அவசரங்கள் அல்ல. பாதி வேலையில் நிறுத்தி, 'இன்று இது போதும், அடுத்த வாரம் வாருங்கள்' என்று நீங்கள் சொன்னால் அதைத் தோல்வியாக நினைக்கும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள், நானும் அப்படி இருந்தவன்தான். அவர்களிடம் ஏன் என்று இரண்டு வாக்கியம் சொல்லுங்கள்.

எங்கள் கோப்பில் தடுப்பூசித் தேதிகளை எழுதும் இடத்துக்குக் கீழே, இந்த நாயை எங்கே தொட்டால் பொறுத்துக்கொண்டது, எங்கே முகம் திருப்பியது, தரையா மேஜையா, எந்தத் தின்பண்டத்தை வாங்கிக்கொண்டது என்று ஒரு வரி சேர்த்துவையுங்கள். அடுத்த முறை பணியில் வேறு மருத்துவர் இருந்தாலும், நாங்கள் எல்லாவற்றையும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிராது.

அடுத்த மாதம் எங்கள் செவலைக்குத் தடுப்பூசி நாள் வருகிறது. கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துக் கேட்டிருக்கிறேன். காத்திருக்கும் அறையில் உட்காராமல் வெளியிலேயே நிற்போம், அழைத்ததும் நேரே உள்ளே வருவோம். அவளுடைய துண்டையும் கையோடு கொண்டுவருகிறேன். அதை என் முழங்கால்மேல் விரித்ததும் அவள் தாடையை வைப்பாள். தோளைத் தொட்டுவிட்டு ஒரு கணம் பொறுங்கள். தலையைத் தூக்கினாள் என்றால், ஊசியை ஓரமாக வைத்துவிட்டு இன்னொரு முறை வைப்பாளா என்று என்னோடு சேர்ந்து காத்திருங்கள்.

இப்படிக்கு,
மேஜையின் மறுபக்கத்தில் நிற்கும் ஒருவன்