ஓட்டை விழுந்த இலையைப் பார்த்ததும் மருந்தா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் மக்காச்சோளப் படைப்புழு பற்றிய கட்டுரையில், "மக்காச்சோளத்துக்குத் தாங்கும் சக்தி கிடையாது, இலையில் ஓட்டை தெரிந்த அன்றே மருந்து அடியுங்கள்" என்று வந்திருக்கிறது. இந்த வரியை எப்படி அச்சேற விட்டீர்கள்? 2018 மே மாதம் இந்தியாவிலேயே முதன்முதலாக நம் கர்நாடகத்துச் சிவமொக்காவில்தான் இந்தப் புழு தென்பட்டது. பூச்சிகளுக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் இங்கே பெங்களூரு ஹெப்பாளில் இருக்கிறது, அங்கே ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே.

நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். அண்ணன் பெரம்பலூர் பக்கம் மானாவாரியில் மக்காச்சோளம் போடுகிறார். ஓட்டையைப் பார்த்துப் பயந்து மருந்துக்கடைக்கு ஓடினார், அவர்கள் இரண்டு மருந்தை ஒரே டேங்கில் கலக்கச் சொன்னார்கள், மூக்கில் ஒரு துணிகூட இல்லாமல் அடித்துவிட்டு வரப்பிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். அப்புறம் குருத்தைப் பிரித்துப் பார்த்தால் ஈர மரத்தூள் மாதிரி எச்சம், அதற்கு அடியில் புழு உயிரோடு நெளிகிறது. மருந்தெல்லாம் மேல் இலையோடு நின்றுவிட்டது. பக்கத்துக் கொல்லைக்காரர் மருந்தே அடிக்கவில்லை. இலை கந்தலாகத்தான் கிடந்தது, ஆனால் மழை பெய்ததும் புது இலை விட்டு, கதிர் எங்களுக்குக் குறையாமல் பிடித்தது. குருத்தே அறுந்த செடி போனது போனதுதான், அதை நான் மறுக்கவில்லை.

தாங்கும் சக்தியே கிடையாதா? கரீபியன் கடலில் இருக்கும் ஆன்டிகுவா தீவின் மக்காச்சோளத்தை வைத்து அமெரிக்காவில் மிசிசிப்பியில் எம்பி 708 என்று ஒரு ரகம் உருவாக்கினார்கள். புழு கடித்ததும் அதன் குருத்தில் ஒரு புரதம் சேரும், அது புழுவின் குடல் உள்சவ்வையே அரித்துவிடும். சிம்மிட் என்கிற சர்வதேச ஆராய்ச்சி மையம் 2020ல் ஆப்பிரிக்காவுக்கென்று படைப்புழுவைத் தாங்கும் மூன்று ஹைப்ரிட்களை அறிவித்தது, மரபணு மாற்றம் இல்லாமலே. உங்களுக்குத் தெரியாத விஷயமா இதெல்லாம்?

உங்கள் விவசாயப் பக்கத்தில் பாதி பூச்சிமருந்து விளம்பரம்தான். மருந்தின் பெயர் கொட்டை எழுத்தில், அளவு எங்கேயும் இல்லை. போன வருஷம் இதையே எழுதினேன், ஒரு வரி பதில் இல்லை. வருஷா வருஷம் சந்தா கட்டும் வாசகனுக்கு அதுகூட வேண்டாமா?

அந்த வரிக்குத் திருத்தம் போடுங்கள். கூடவே ஒரு சின்னக் கட்டம் கட்டி, எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. மருந்து என்றால் 10 லிட்டர் டேங்குக்கு 4 கிராம், குருத்துக்குள் இறங்குகிற மாதிரி அடிக்க வேண்டும், கண்டதையும் கலக்கக் கூடாது என்று அச்சிடுங்கள். அண்ணன் உங்கள் பத்திரிகையைப் பார்த்துத்தான் மருந்து வாங்குகிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
ராமமூர்த்தி நகர், பெங்களூரு