எந்த அணையின் மின்சாரம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

2022 ஜூனில் லாவோஸின் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாகச் சிங்கப்பூருக்கு வரத் தொடங்கியது, 100 மெகாவாட் வரை. நிலக்கரிப் புகை இல்லாத மின்சாரம் என்று நானும் மகிழ்ந்தேன்.

சென்ற டிசம்பரில் தாய்லாந்தின் சியாங் கான் போயிருந்தேன். மீகோங் ஆற்றுக்கு அக்கரை லாவோஸ். ஆற்றின் மேல்பகுதியில், லாவோஸுக்குள், 1,285 மெகாவாட் சயபுரி அணை 2019 முதல் இயங்குகிறது. அதன் மின்சாரத்தில் பெரும்பகுதியை வாங்குவது தாய்லாந்துதான். கரைப்படியில் தண்ணீர் விட்டுப்போன ஈரத் தடத்தை ஒரு மீனவர் காட்டினார். காலையில் அங்கே நின்ற தண்ணீர் மதியத்துக்குள் ஒரு முழம் இறங்கியிருந்தது. அவர் படகு சேற்றில் சாய்ந்து கிடந்தது. மழையைப் பார்த்து வலை வீசியவர் இப்போது மதகைப் பார்த்து வீச வேண்டியிருக்கிறது. அணைகளில் வண்டல் தங்கிவிட்டால், பாதிப்பு வியட்நாமின் நெல்வயல் வரைக்கும் போகும்.

1995இல் உருவான மீகோங் ஆற்று ஆணையத்தில் நான்கு நாடுகள் கலந்து பேசலாம். ஓர் அணையைத் தடுக்கும் அதிகாரம் யாருக்கும் கிடையாது. ஆகவே வாங்குகிறவர்தான் கேட்க வேண்டும். மலேசியாவின் ஜொகூர் ஆற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த சிங்கப்பூரர்களான நமக்கா இது புரியாது? லாவோஸிலிருந்து எப்போது மின்சாரம் வாங்கினாலும் அது எந்தெந்த அணையினுடையது, அங்கே தண்ணீரை எப்போது, எவ்வளவு திறக்கிறார்கள் என்பதை வாங்குகிறவர்கள் பொதுமக்களுக்கு வெளியிடட்டும்.

ஒரு வாசகி,
ஈசூன்