பெருங்காயத்திலும் கோதுமை

ஆசிரியருக்கு,

என் மகளுக்கு ஏழு வயது. நான்கு வயதில் முதல் வகை நீரிழிவு வந்தது. மறு வருடமே சீலியாக் நோய். கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதம் அவள் குடலுக்கு ஆகாது. ‘சுகர்தானே, சப்பாத்தி கொடுங்கள்’ என்று சொல்லாத உறவினர் இல்லை. அதுதான் அவளுக்கு ஆகவே ஆகாதது.

இட்லி, தோசை இருக்கும்போது என்ன கஷ்டம் என்பார்கள். சரிதான், ஆனால் அரிசி சர்க்கரையை விறுவிறுவென ஏற்றிவிடும். சோற்றைத் தராசில் நிறுத்து, அதற்கேற்ப இன்சுலின் போட்டுத்தான் தட்டில் வைக்கிறோம். கூடவே சுண்டல், முட்டை, காய். வீட்டில் எல்லோருக்கும் அதே சாப்பாடு. ரவையும் மைதாவும் உள்ளே வருவதில்லை. பரோட்டா ஏக்கம் தாங்காத என் கணவர் வெளியே சாப்பிட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு வருவார்.

இவ்வளவு செய்தும் அவளுடைய சீலியாக் ரத்தப் பரிசோதனை முடிவு மாதக்கணக்கில் சரியாகவில்லை. ஒருநாள் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். கூட்டுப் பெருங்காயமாம், மைதா சேர்த்தது! கண்ணாடி போட்டும் படிக்க முடியாத எழுத்து. தினமும் சாம்பாரிலும் ரசத்திலும் நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன். அப்புறம்தான் கோதுமை கலக்காத பெருங்காயம் தேடி வாங்கினோம்.

‘கோதுமை உண்டு’ என்று டப்பாவின் முன்பக்கம், தமிழில், பெரிதாக அச்சிடச் செய்ய வேண்டும். ஓட்டல்களும் கேட்டால் சொல்ல வேண்டும். சாம்பாரில் என்ன பெருங்காயம் என்று நான் விசாரித்தால் இப்போது சிரிக்கிறார்கள்.

— ஒரு வாசகி, கும்பகோணம்