பாலைமலைக்கு ஆள் கூட்டிப் போகிறவர்களுக்கு: திரும்பும் நேரத்தையும் எழுதுங்கள்

அன்புள்ள மலையேற்றக் குழு ஒருங்கிணைப்பாளர்களுக்கு,

வணக்கம். பாலைநிலத்து மலைகளுக்கு ஆள் சேர்த்து, ஒருநாள் நடையாகவோ முதுகுப்பையோடு இரவு தங்கும் பயணமாகவோ கூட்டிப் போகும் உங்கள் எல்லோருக்கும் இந்த மடல். உங்களில் பெரும்பாலானோர் இதைக் காசுக்காகச் செய்யவில்லை. வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, மிச்சமிருக்கும் நேரத்தில் வரைபடம் பார்க்கிறீர்கள், வண்டி ஏற்பாடு செய்கிறீர்கள், முகம் தெரியாதவர்களின் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்கிறீர்கள். நீங்கள் இல்லாவிட்டால் என்னைப் போன்ற பலர் அந்த மலைகளைப் பார்த்தே இருக்க மாட்டோம். அந்த நன்றியோடுதான் இந்த ஒரு கோரிக்கையை வைக்கிறேன்.

உங்கள் அறிவிப்பில் எல்லாம் இருக்கிறது. எங்கே கூடுவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது, எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஏற்றம், எப்படிப்பட்ட காலணி. திரும்பும் நேரம் மட்டும் இருப்பதில்லை. மாலையில் வண்டிக்கு வந்து சேரும் நேரத்தை நான் சொல்லவில்லை. எங்கே நின்றுகொண்டிருந்தாலும், உச்சி கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தாலும், குழு மொத்தமும் அப்படியே திரும்பிவிட வேண்டிய நேரத்தைச் சொல்கிறேன். அதை அறிவிப்பின் முதல் வரியில் எழுதுங்கள். புறப்படும் இடத்தில் வாய்விட்டு இன்னொரு முறை சொல்லுங்கள். அந்த நேரம் வந்தால் நீங்களே முதல் ஆளாகத் திரும்புங்கள்.

எந்த மலைக்கும் இது நல்ல பழக்கம்தான். ஆனால் மரமடர்ந்த மலையில் ஒரு மணி நேரம் தாமதமானால் நிழலில் உட்காரலாம், ஓடையில் முகம் கழுவலாம். பாலைமலையில் தாமதம் என்றால் வெயில் ஏறுகிறது, அதே நேரத்தில் தண்ணீர் இறங்குகிறது. விடியலில் சில்லென்றிருந்த பாறை பதினொரு மணிக்குக் கைவைத்து ஏற முடியாதபடி சுடும். காற்று வறண்டிருப்பதால் வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும், சட்டை நனையாது. எனக்கு அவ்வளவாக வியர்க்கவில்லை என்று புதிதாக வருகிறவர்கள் நிஜமாகவே நம்புகிறார்கள். தோள்வாரின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதைத் தொட்டுக் காட்டினால்தான் திகைக்கிறார்கள். வெயிலில் ஏறுகிற உடம்பு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேல்கூட இழக்கக்கூடும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. திட்டம் ஒரு மணி நேரம் நீண்டால் ஆளுக்கு ஒரு கிலோ கூடுதலாகச் சுமந்திருக்க வேண்டும். அப்படி யார் சுமந்து வருகிறார்கள்?

நேரக் கணக்கும் நமக்கு எதிராகத்தான் வேலை செய்கிறது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி என்று பலரும் போடும் கணக்கு 1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்னது. குளிர்ந்த நாட்டில், நடந்து பழகிய திடமான ஆளுக்கான கணக்கு அது. நாற்பது டிகிரி வெயிலும், முதன்முறையாக முதுகுப்பை மாட்டியவரின் கொப்புளமும் அதற்குள் வரவில்லை.

முதலில் இறங்கிப் பிறகு ஏறும் பாதைகள் இன்னும் ஏமாற்றுபவை. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குப் பூங்காவில் தெற்கு விளிம்பிலிருந்து கொலராடோ ஆறு ஏறத்தாழ 1,400 மீட்டர் கீழே ஓடுகிறது. காலைக் குளிரில், உடம்பில் தெம்பு இருக்கும்போது, இறக்கத்தில் கால் தன்னால் போகும். எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டே இறங்குவார்கள். கீழே போகப் போகச் சூடு கூடும். கோடையில் விளிம்பைவிட ஆற்றங்கரை பத்து டிகிரிக்கு மேல் சூடாக இருப்பது அங்கே சாதாரணம். களைத்துப்போன கால்களோடு, உச்சிவெயிலில், அதற்கப்புறம்தான் ஏற்றமே ஆரம்பம். இறங்கிய நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஏறுவதற்கு ஒதுக்குங்கள் என்று பூங்கா நிர்வாகம் சொல்கிறது. விளிம்பிலிருந்து ஆறுவரை போய் அன்றே திரும்ப முயலாதீர்கள், கோடையில் காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணிவரை பள்ளத்தாக்குக்குள் நடக்காதீர்கள் என்று வெளிப்படையாகவே எச்சரிக்கிறது. அங்குள்ள சவுத் கைபாப் பாதையில் வழிநெடுகக் குடிநீர் கிடையாது. இந்த மாதிரிப் பாதையில் மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு முடிந்ததுமே திரும்பியாக வேண்டும். அந்த நேரத்தில் யாருக்கும் களைப்பே இருக்காது என்பதுதான் சங்கடம். முன்கூட்டியே அறிவிக்காத லீடர், தெம்பாக நிற்கும் இருபது பேரிடம் போய் எதைச் சொல்லித் திருப்புவார்?

குழுவில் கடைசி ஆளாக நடப்பது என் வழக்கம். முன்னால் போகிற உங்கள் கண்ணில் படாத சிலது பின்னாலிருந்து தெரியும். முன்வரிசை ஒரு பாறை நிழலில் பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கும். கடைசியில் வருகிறவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும், "எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாமா?" என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கு ஓய்வே கிடைப்பதில்லை. நாள் முழுக்க இப்படியே போகும்.

வெயில் ஏறிய ஒரு முற்பகலில் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த ஒரு பெண் பேச்சைக் குறைத்துக்கொண்டார். பிறகு பேச்சே இல்லை. பையைச் சரிசெய்ய நின்றவர், நெஞ்சுவாரின் கொக்கியை மாட்டப் பார்க்கிறார். விரல் அந்த இடத்துக்குப் போகவே இல்லை. இரண்டு மூன்று தரம் தடவிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டு நடந்தார். "தண்ணி இருக்கா?" என்றேன். "இருக்கு" என்றார். பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். அடியில் இரண்டு வாய் இருந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "எனக்காக எல்லாரும் நிக்கணுமே" என்றார். அன்று நிழல் கிடைத்தது, தண்ணீரும் கிடைத்தது, நல்லபடியாக இறங்கினோம். ஆனால் அந்தப் பதில் என்னை விடவில்லை. கால் வலியைவிட, தாகத்தைவிட, குழுவுக்குப் பாரமாகிவிடுவோமோ என்ற கூச்சம்தான் ஆளை உள்ளுக்குள் வைத்து அழுத்துகிறது. திரும்பும் நேரம் முன்பே முடிவாகியிருந்தால் யாரும் யாருக்காகவும் திரும்பவில்லை. மணி ஆனது, திரும்பினோம். நான் இதை இவ்வளவு பிடிவாதமாகக் கேட்பதற்கு இதுதான் முதல் காரணம்.

இதோடு சேர்த்து இன்னொன்று. "முடியாதவங்க இங்கேயே உட்காந்திருங்க, வரும்போது கூட்டிட்டுப் போறோம்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பல குழுக்களில் இது அக்கறையாகவே சொல்லப்படுகிறது. ஆனால் உட்கார வைக்கப்படுகிறவர் குழுவிலேயே மிகவும் களைத்தவர். உட்காரும்போது இருந்த நிழல் ஒரு மணி நேரத்தில் நகர்ந்துவிடும். மலை மறைத்தால் செல்பேசிக்கு சிக்னல் இராது. வெப்பம் தலைக்கேறினால் முதலில் குழம்புவது புத்தி. தனக்கு என்ன ஆகிறது என்பதை அவரே உணர மாட்டார், தப்பான திசையில் எழுந்து நடக்கவும் செய்வார். ஒரு வழியில் ஏறி வேறு வழியில் இறங்கும் முடிவை முன்வரிசை எடுத்துவிட்டால் நிலைமை என்ன? ஒருவர் திரும்பினால் துணைக்கு ஒருவராவது, வழி தெரிந்தவராக, கூடவே திரும்ப வேண்டும். அப்படி அனுப்ப ஆள் இல்லையென்றால் எல்லோரும் திரும்ப வேண்டும்.

வெப்பச்சோர்வையும் ஹீட் ஸ்ட்ரோக்கையும் பிரித்துப் பார்க்க உங்களோடு வரும் துணை லீடர்களுக்கும் தெரிந்திருக்கட்டும். தலைசுற்றல், குமட்டல், தளர்ச்சி என்ற அளவில் நிழலும் ஓய்வும் உப்பும் தண்ணீரும் போதும். உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, பேச்சு குழறி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் வந்தால் அது உயிர் போகிற விஷயம். ஆளை எப்படி இறக்குவது என்று யோசிப்பதற்கு முன்னால் அங்கேயே குளிர்விக்க வேண்டும்: நிழலில் கிடத்தி, உடையைத் தளர்த்தி, இருக்கிற தண்ணீரை உடம்பில் ஊற்றி, விடாமல் விசிற வேண்டும். ஹெலிகாப்டர் வந்துவிடும் என்று நம்பி உட்காரவும் முடியாது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. உயரமான இடத்தில், உச்சிவெயிலில், ஹெலிகாப்டரின் தூக்கும் திறனே குறைந்துவிடும்.

"தண்ணி குடி, தண்ணி குடி" என்று விரட்டுவதிலும் கவனம் வேண்டும். உப்பே சேராமல் வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். தலைவலி, குமட்டல், குழப்பம் என்று அதுவும் பார்ப்பதற்கு வெப்பச்சோர்வு மாதிரியே இருக்கும். அவருக்கு இன்னும் தண்ணீர் கொடுத்தால் நிலைமை மோசமாகும். பையில் உப்புக்கடலையும் ஓஆர்எஸ் பொட்டலமும் இருக்கட்டும். நிறுத்தும் இடத்தில் தண்ணீரோடு ஏதாவது தின்னவும் சொல்லுங்கள்.

வெயிலைப் பற்றியே பேசிவிட்டேன். வானிலையும் திருப்பி அனுப்பும். 2018 ஏப்ரல் 26 அன்று, இஸ்ரேலில் சாக்கடலுக்குத் தெற்கே நஹல் ட்ஸாஃபித் என்ற குறுகிய பள்ளத்தாக்கில் ஒரு பயிற்சி நிறுவனம் கூட்டிப்போன இளைஞர் குழுவைத் திடீர் வெள்ளம் அடித்துச் சென்றது. பத்துப் பேர் இறந்தார்கள். எல்லோரும் பள்ளி முடிக்கிற வயதுப் பிள்ளைகள். வெள்ள எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. பயணம் வேண்டாமே என்ற பயத்தைச் சிலர் வாட்ஸ்அப்பில் தங்களுக்குள் பேசியும் இருந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 25 அன்று, அதே கடலின் ஜோர்டான் பக்கத்தில், ஒரு பள்ளிச் சுற்றுலா வெள்ளத்தில் சிக்கியது. அன்றைய வெள்ளத்தில் 21 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அந்த நாட்டின் கல்வி அமைச்சரும் சுற்றுலா அமைச்சரும் பதவி விலகினார்கள். அதற்கு முன்னால், 1997 ஆகஸ்டில், அரிசோனாவின் ஆண்டிலோப் கேன்யனில் 11 சுற்றுலாப் பயணிகளைக் கொன்ற வெள்ளம் பல மைல் தள்ளிப் பெய்த மழையிலிருந்து வந்தது. பாலைநிலப் பாறையும் இறுகிய மண்ணும் தண்ணீரை உறிஞ்சாது. பெய்ததெல்லாம் சரிவில் ஓடிப் பள்ளத்தாக்கின் இடுக்கில் சேரும். உங்கள் தலைக்கு மேல் நீல வானம் இருப்பது எதற்கும் உத்தரவாதமில்லை. எச்சரிக்கை வந்த நாளில் திரும்பும் நேரம் என்பது வீட்டிலேயே, வண்டி ஏறுவதற்கு முன்பே வந்துவிட்டது. அன்று பயணத்தை ரத்து செய்கிற ஒருங்கிணைப்பாளரை யாரும் கோழை என்று சொல்லமாட்டார்கள். சொன்னால் நான் உங்கள் பக்கம் நிற்பேன்.

இரவு தங்கும் பயணத்தில் கடிகாரத்தோடு தண்ணீரையும் பார்க்க வேண்டும். வரைபடத்தில் ஊற்று என்று போட்டிருப்பது போன மழைக்கு இருந்திருக்கலாம், இப்போது ஈரமே இல்லாத குழியாக இருக்கலாம். வந்த வழியே திரும்பத் தேவையான தண்ணீர் கையில் இருக்கும்போதே, அடுத்த ஊற்றை நம்பி முன்னேறுவதா வேண்டாமா என்று முடிவெடுத்துவிட வேண்டும். இராத்திரிக் குளிருக்கு ஒரு கனமான மேலாடையும், ஆளுக்கொரு ஹெட்லைட்டும் கட்டாயம். அதை நீங்கள் ஏற்கெனவே எழுதுகிறீர்கள்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். "இவ்வளவு தூரம் வந்துட்டு, அரை மணி நேரத்துல உச்சி, இப்பப் போய் எப்படித் திரும்பச் சொல்றது?" நியாயமான கஷ்டம்தான். ஆட்கள் விடுப்பு எடுத்து வந்திருக்கிறார்கள், உச்சியில் நிற்கும் படத்துக்காக ஆசையோடு வந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் அந்த இடத்தில் நின்று முடிவெடுக்கச் சொன்னால் யாராலும் முடியாது. அதனால்தான் முந்தின நாளே, நிழலில் உட்கார்ந்து, தெளிந்த மனதோடு எடுத்துவிடச் சொல்கிறேன். அரிசோனாவின் பீனிக்ஸ் நகர நிர்வாகம் 2021இலிருந்து கடும் வெப்ப எச்சரிக்கை உள்ள நாள்களில் கேமல்பேக் மலைப் பாதைகளைப் பகல்வேளையில் மூடிவைக்கிறது. ஊருக்கு நடுவே இருக்கும், தினமும் பலர் ஏறும் மலைக்கே அப்படி ஒரு கண்டிப்பு வேண்டியிருக்கிறது. உங்கள் மலையில் கதவு போட ஆள் இல்லை. அங்கே கதவு நீங்கள்தான்.

ஆகவே, வரும் பருவத்துக்கான முதல் அறிவிப்பை எழுதும்போது புறப்படும் நேரத்துக்குப் பக்கத்திலேயே திரும்பும் நேரத்தைப் போடுங்கள். குழுவின் நடைவேகத்தை மெதுவாக நடப்பவரை வைத்துக் கணக்கிடுங்கள். கிளம்பும் இடத்தில் ஒவ்வொருவரின் பாட்டிலையும் கையில் வாங்கிப் பாருங்கள். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். கடைசியாக வருகிறவர் வந்து சேர்ந்த பிறகு ஓய்வு நேரத்தை எண்ணத் தொடங்குங்கள். கடைசி ஆளாக நடப்பவருக்கு ஒரு வாக்கி-டாக்கியும், லீடரிடம் கேட்காமலே குழுவை நிறுத்தும் உரிமையும் கொடுங்கள். அந்த வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் குழுக்களில் பின்னால் நடக்கும் ஒருவர்