உரிமைகள் இயற்கை தந்தவையா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வாழ்வுரிமையும் தனிமனிதச் சுதந்திரமும் பிறப்போடு வந்த இயற்கை உரிமைகள், எந்த அரசாலும் அவற்றைப் பறிக்க இயலாது என்று அடிப்படை உரிமைகளைப் பற்றி எழுதுவோர் பலரும் உறுதியாகச் சொல்கிறார்கள். நல்லெண்ணத்துடன் சொல்லப்படும் இக்கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

1975 ஜூன் 25 அன்று நெருக்கடி நிலை பிறப்பிக்கப்பட்டது. அடுத்த இரண்டு நாள்களில், சமத்துவம், உயிர் மற்றும் தனிமனிதச் சுதந்திரம், கைதுக்கு எதிரான பாதுகாப்பு ஆகியவற்றைத் தரும் அரசமைப்புச் சட்டத்தின் 14, 21, 22 ஆகிய பிரிவுகளை நிலைநாட்ட நீதிமன்றத்தை நாடும் வழியைக் குடியரசுத் தலைவரின் ஆணை அடைத்தது. விசாரணையின்றி அடைத்துவைக்க இடமளித்த மிசா சட்டத்தில் சிறைவைக்கப்பட்டோரின் ஆட்கொணர்வு மனுக்களை (காவலில் உள்ளவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் மனுக்களை) விசாரிக்கலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் கூறியிருந்தும், 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வில் நால்வர் அதை மறுத்துவிட்டனர். சட்டவிரோதமாக உயிரே பறிக்கப்பட்டாலும் நீதிமன்றம் எதுவும் செய்ய இயலாது என்று அவ்வழக்கில் அரசின் தலைமை வழக்குரைஞர் வாதிட்டதை இன்று படித்தாலும் நெஞ்சு பதறுகிறது.

நீதிபதி எச்.ஆர். கன்னா மட்டும் மாறுபட்டார். 21-ஆவது பிரிவே இல்லாவிட்டாலும், சட்டத்தின் அதிகாரமின்றி ஒருவரது உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்க அரசால் முடியாது என்றார். இதை இயற்கை உரிமைக்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. அவர் ஊன்றி நின்ற இடம் சட்டத்தின் ஆட்சி என்றே எனக்குப் படுகிறது. அதுவும் தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் போராடி உருவாக்கிய ஏற்பாடுதான். அந்த உறுதிக்காக அவர் தமக்கு வரவேண்டிய தலைமை நீதிபதி பதவியை இழந்தார்.

2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்க உரிமை வழக்கில், 1976-ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தவறென்று தள்ளியது. இவ்வுரிமைகள் அரசமைப்பு உருவாக்கியவை அல்ல, இயற்கையானவை என்றும் கூறியது. முடிவை மனதார வரவேற்கும் நான் இந்த விளக்கத்தை மட்டும் ஐயுறுகிறேன். இடைப்பட்ட காலத்தில் வாக்காளர்கள் ஆட்சியை மாற்றினார்கள். நெருக்கடி நிலையில் சிறைவைக்கப்பட்ட மொரார்ஜி தேசாயின் தலைமையிலான அரசு, குற்றத் தண்டனை தொடர்பான பாதுகாப்பைத் தரும் 20-ஆவது பிரிவையும் 21-ஆவது பிரிவையும் இனி எந்நிலையிலும் முடக்க முடியாதபடி 1978-இல் 44-ஆவது திருத்தத்தைக் கொண்டுவந்தது. இயற்கையில் எந்த மாற்றமும் நிகழவில்லை.

இயற்கை உரிமை இல்லையென்றால் நெருக்கடி நிலையை எப்படித் தவறு என்பீர்கள் எனச் சிலர் கேட்கலாம். விசாரணையின்றி அடைக்கப்பட்டவரும் அவர் குடும்பத்தாரும் படும் துன்பமே அதைத் தவறென்று சொல்லப் போதுமானது.

மேலே சொன்ன 44-ஆவது திருத்தத்தில், காவல் தேவைதானா என்று ஆராயும் ஆலோசனைக் குழுவின் கருத்தின்றி ஒருவரைத் தடுப்புக் காவலில் வைக்கக்கூடிய காலத்தை மூன்று மாதங்களிலிருந்து இரண்டாகக் குறைக்கும் பகுதி இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. அதற்கான அறிவிக்கையை மத்திய அரசு வெளியிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வலியுறுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.