தோற்றவருக்கும் காரணம் தெரியட்டும்: பிரதம நீதியரசருக்கு ஒரு திறந்த மடல்

கனம் பிரதம நீதியரசர் அவர்களுக்கும் உயர் நீதிமன்ற நீதியரசர்களுக்கும்,

வணக்கம். இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லுங்கள் என்று கேட்க வரவில்லை. எந்த உத்தரவானாலும் அதன் காரணம் எங்களுக்கும் வந்து சேரட்டும் என்று கேட்கத்தான் வந்தேன்.

2024 ஜூலை 4ஆம் திகதி, தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,700 ரூபாவாக்கிய வர்த்தமானி அறிவித்தலுக்கு உங்கள் மன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தோட்டக் கம்பெனிகள் போட்ட மனு அது. மறுநாள் காலை, வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் பிரட்டுக்களத்தில், "கோட்டுல நிப்பாட்டிட்டாங்களாம்" என்றார் ஓர் அக்கா, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டே. "காசு விளையாடியிருக்கும்" என்றார் பக்கத்தில் நின்றவர். இது முடிவான தீர்ப்பில்லை, விசாரணை முடியும்வரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "சரி தம்பி, ஏன் நிப்பாட்டினாங்க?" என்று கேட்டார் அக்கா. எங்கள் எல்லாருடைய ஃபோனிலும் இருந்தது இரண்டு வரிச் செய்திதான். அதில் 'ஏன்' இல்லை.

காசு கதைக்கு ஆதாரம் எதுவும் கிடையாது, நான் அதை நம்பவும் இல்லை. ஆனால் காரணம் வந்து சேராத ஊரில் வதந்தி முதலில் வந்துவிடுகிறது.

மலையகத்தில் இந்தச் சந்தேகத்துக்கு வயது அதிகம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எங்கள் பாட்டன் பாட்டிகளை நாடற்றவர்களாக்கியது. வாக்குரிமைக்காகப் போராடிய கோடகன்பிள்ளை வழக்கு இங்கே உயர் நீதிமன்றத்திலும் தோற்றது, 1953இல் அப்போது கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலிலும் தோற்றது. சட்டம் யாரைக் குறிவைத்தது என்று ஊருக்கே தெரியும். என்றாலும் அந்தத் தீர்ப்பை இன்றைக்கும் எடுத்து வாசித்து, பிழை எந்த இடத்தில் என்று வாதாட முடிகிறது. காரணங்கள் எழுத்தில் இருக்கின்றனவே.

உங்கள் மேல் வரும் அழுத்தம் தெரியாமல் பேசவில்லை. 2013 ஜனவரியில் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க பாராளுமன்றத்தின் குற்றப்பிரேரணையால் வெளியேற்றப்பட்டதைப் பார்த்தோம். 2018 டிசம்பர் 13ஆம் திகதி, பாராளுமன்றத்தை ஜனாதிபதி கலைத்தது செல்லாது என்று ஏழு நீதியரசர்கள் ஒருமனதாகச் சொன்னதையும் பார்த்தோம். அன்றைக்கு எங்கள் லயன் வீடுகளின் பிள்ளைகள்கூட அதைப் பற்றிக் கதைத்தார்கள்.

அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை நீதிமன்ற மொழிகளில் ஒன்றாகத் தமிழையும் வைத்திருக்கிறது. கொழும்பு புதுக்கடையில் உங்கள் நீதிமன்றத்தில் எழுதப்படும் தீர்ப்புகளோ பெரும்பாலும் ஆங்கிலம். முழுவதையும் மொழிபெயர்க்கக் கேட்டால் வருடக்கணக்காகும். ஒரு பக்கம் போதும்: என்ன உத்தரவு, எதற்காக, அடுத்த தவணை எப்போது. உத்தரவு வரும் அன்றே அது தமிழிலும் சிங்களத்திலும் வரட்டும்.

அப்புறம், ஒரு நீதியரசர் வழக்கிலிருந்து விலகினால் 'தனிப்பட்ட காரணம்' என்பதோடு நிறுத்தாதீர்கள். கம்பெனியில் பங்கு இருக்கிறதா, முன்பு அந்தத் தரப்புக்காக ஆஜரானவரா, உறவா என்று ஒரு வரி எழுதலாம். விலகச் சொல்லிக் கேட்டும் விலகாவிட்டால் அதற்கும் ஒரு வரி. 65 வயதில் ஓய்வு பெற்றவுடனே அரசாங்கம் நீட்டும் பதவிகளைச் சில வருடங்களுக்காவது வேண்டாம் என்று சொல்லும் வழக்கத்தையும் நீங்களே தொடங்கலாம். இவை எதற்கும் பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை, நீங்கள் எல்லாரும் ஒரு மாலை உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு தோட்டத் தொழிலாளியின் மகன்
பொகவந்தலாவை