கோயில் முற்றத்துக் கல்லுக்கு ஆசிட் வேண்டாம்

நம் கோயில் தலைவர் அவர்களுக்கும் செயலவை உறுப்பினர்களுக்கும், வணக்கம்.

புது முற்றத்துக் கிரானைட் கற்களின் ஓரம் கறுத்துவிட்டதால், வரும் சனிக்கிழமை ஆசிட் போட்டுக் கழுவப் போவதாகவும், காய்ந்ததும் பளபளப்பு சீலர் (கல்லின் மேல் அடிக்கும் பாதுகாப்புப் பூச்சு) அடிக்கப் போவதாகவும் கேள்விப்பட்டேன். தயவுசெய்து இரண்டையும் நிறுத்தி வையுங்கள். இதை நேரில் வந்து உங்களிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கற்கள் ஆளுக்கு ஒன்றிரண்டு என்று இந்தச் சுங்கை சிப்புட் வட்டாரத்துக் குடும்பங்கள் கொடுத்தவை. அதனால் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என் அம்மா இரண்டு கல்லுக்குக் கொடுத்தார். முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, தோட்டத்து வரிசை வீடுகளான லயம் காலியாகி, கோயில் ஊருக்குள் வந்த நாளிலிருந்து நம் முற்றம் வெறும் சிமெண்டுத் தரையாகத்தான் இருந்தது. போன வெள்ளிக்கிழமை அம்மா தன் கல்லின் ஓரத்தில் இருந்த கறுப்பைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் பார்த்தார். போகவில்லை. "கல்லு கெட்டுப் போச்சாடா?" என்று கேட்டார்.

கெடவில்லை. இருபத்திரண்டு வருடம் ஈப்போவிலும் சிங்கப்பூரிலும் கல் பதிக்கும் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கற்களில் பெரும்பாலானவற்றுக்கு வந்திருப்பது ஈரம்.

கிரானைட் தண்ணீர் குடிக்காது என்று நாம் நினைக்கிறோம். கொஞ்சம் குடிக்கும். நல்ல கிரானைட் தன் எடையில் 0.4 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் இழுக்கக் கூடாது என்பது அமெரிக்கத் தர அளவு. கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் 60 சென்டிமீட்டர் சதுரம், 3 சென்டிமீட்டர் கனம் உள்ள ஒரு கல் ஏறக்குறைய 28 கிலோ வரும். அதில் 0.4 சதவீதம் என்றால் நூறு மில்லிக்கும் மேலே. கோயிலில் காப்பி கொடுக்கும் சின்னப் பிளாஸ்டிக் கப்பில் முக்கால்வாசி தண்ணீர் ஒவ்வொரு கல்லுக்குள்ளும் உட்கார இடம் இருக்கிறது.

இப்போது கல்லுக்குக் கீழே ஈர சிமெண்டு, நான்கு பக்க இடுக்கிலும் ஈர சிமெண்டு. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போலக் கல்லின் ஓரம் அந்த ஈரத்தை இழுக்கிறது. சிமெண்டில் கரைந்த சுண்ணாம்பும் உப்பும் கூடவே வருகின்றன. ஓரம் கறுத்து, நடு வெளுத்து, ஃபோட்டோவுக்குச் சட்டம் போட்ட மாதிரி ஆவது இதனால்தான். வெளிர் சாம்பல் கல்லில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். நாம் பதித்ததோ அக்டோபரில். மலேசியாவின் மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பர்தான் மழை கொட்டுகிற மாதங்கள். சாயங்காலம் ஆனால் இடி மழை, மறுநாள் காலையில் பூசைக்கு முன்னால் குழாய் போட்டுக் கழுவல். கல் எப்போது காயும்?

நான் சொல்வதை நம்ப வேண்டாம், ஒரு வாளி தண்ணீர் எடுத்து ஒரு கல் முழுவதையும் நனைத்துப் பாருங்கள். நனைந்ததும் நடுப்பகுதியும் ஓரத்தின் நிறத்துக்கே வந்து சட்டம் மறைந்துவிட்டால் அது ஈரம். நனைந்த பிறகும் மஞ்சளோ காவியோ தனியாகத் தெரிந்தால் அது துரு. போன ஞாயிறு காலை அர்ச்சகரிடம் சொல்லிவிட்டு, கொடிமரத்துக்குப் பக்கத்தில் ஏழு கற்களை இப்படி நனைத்தேன். ஆறில் சட்டம் மறைந்தது. ஒன்றில் மட்டும் மூலையில் காவி நின்றது. அப்புறம் சுத்தியல் பிடியால் தட்டிப் பார்த்தேன். சட்டம் நன்றாக இறங்கியிருக்கும் கற்கள் பாதிக்கு மேல் பொள்ளென்று சத்தம் கொடுத்தன. அதாவது அடியில் சிமெண்டு முழுசாகப் பரப்பப்படவில்லை. நான்கு மூலைக்கு நான்கு உருண்டை, நடுவில் ஒன்று வைத்து அமுக்கியிருக்கிறார்கள். உருண்டைகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில் மழைத் தண்ணீர் தேங்கிக்கொண்டு, மேலே கல்லுக்கு ஊட்டிக்கொண்டே இருக்கிறது.

சரி, ஆசிட் போட்டால் என்ன ஆகும்? தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஆசிட் பயம் கிடையாது. ரப்பர் பால் உறைய வைக்க ஃபார்மிக் ஆசிட்டைக் கையால் கலந்தவர்கள் நாம். ஹார்ட்வேர் கடையில் தரை கழுவ விற்பது வேறு, ஹைட்ரோகுளோரிக் அமிலம். கிரானைட்டுக்குள் மினுக்கும் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் பல அபிரகம் (மைக்கா). அவற்றில் இரும்பு இருக்கிறது. இந்த ஆசிட் அந்த இரும்பைக் கரைத்து வெளியே இழுக்கும். காற்றும் ஈரமும் பட்டதும் அது துருவாகும். இன்று தானாகக் காயக்கூடிய கறுப்பு ஓரம், நாளைக்குக் காயாத மஞ்சள் ஓரமாகும். இடுக்கில் இருக்கும் சிமெண்டையும் ஆசிட் தின்னும். பிறகு இன்னும் அதிகமாகத் தண்ணீர் இறங்கும்.

இதை என் அக்கா வீட்டுப் போர்ச்சில் பார்த்தேன். நான் அப்போது சிங்கப்பூரில். கல் பதித்தவரே ஓரம் கறுத்ததைப் பார்த்து ஆசிட் ஊற்றினார். அன்றைக்குப் பளிச்சென்று இருந்ததாம். இரண்டு வாரத்தில் ஓரமெல்லாம் தேயிலைச் சாயம் போல ஆனது. அதை மறைக்க மேலே சீலர் அடித்தார். உள்ளே இருந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் சீலருக்கு அடியில் பால் நிறத்தில் திட்டுத் திட்டாகப் படிந்தது. அக்கா இன்றைக்கும் அதன் மேல் பாய் விரித்துத்தான் ஆட்களை உட்கார வைக்கிறார். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

கும்பாபிஷேகம் தையில். கையில் பத்து வாரத்துக்கு மேல் இருக்கிறது. அது வரைக்கும் குழாய்க் கழுவலை நிறுத்தி, கூட்டித் துடைப்பதோடு விட்டுவிடுங்கள். அபிஷேகத் தண்ணீர் முற்றத்தில் வழியாமல் வாய்க்காலுக்கு நேராகப் போக ஒரு குழாய் போட்டால் போதும். விளக்கு எண்ணெய் சிந்தும் இடத்தில் தட்டு வையுங்கள். எண்ணெய்க் கறை ஈரம் போலத் தானாகப் போகாது. ஓரம் சில வாரத்தில் வெளுக்கலாம், சில மாதமும் ஆகலாம். பொள்ளென்று சத்தம் வரும் கற்கள் அப்படியே இருந்தால் காயவே காயாது. அவற்றைப் பெயர்த்துத் திரும்பப் பதிக்கத்தான் வேண்டும். இதை மறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காவி ஏறிய அந்த ஒரு கல்லுக்கும் அவசரப்பட்டு எதையும் ஊற்ற வேண்டாம். துருவுக்கென்று விற்கும் மருந்தை முதலில் மிச்சமான கல்லில் தடவி, இரண்டு மூன்று வாரம் வெயிலில் போட்டுப் பார்ப்போம்.

சீலர் வேண்டும் என்றால், கல் காய்ந்த பிறகு. அதுவும் மேலே தோல் மாதிரி நிற்கும் பளபளப்பு வகை வேண்டாம். உள்ளே இறங்கி, ஆவியை வெளியே விடும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை இன்னும் பதிக்காத பின்பக்கத்துப் பிரகாரம். அங்கே உருண்டை வைத்துப் பதிக்க விடாதீர்கள். சிமெண்டு முழுப் பரப்பாக விரிய வேண்டும். கல்லின் அடிப்பக்கத்தில் அறுத்த தூள் ஒட்டியிருக்கும். அதைக் கழுவித் துடைத்த பிறகு சிமெண்டுப் பால் ஒரு பூச்சு கொடுக்க வேண்டும். அந்தப் பாலில் செயற்கை ரப்பர் பால் கலப்பார்கள். நம் அப்பா அம்மா வாளியில் சுமந்த பால் இல்லை, தொழிற்சாலையில் செய்வது. ஆனால் வேலை அதேதான்: பிடித்துக்கொள்ளும், தண்ணீரைத் தடுக்கும். பூச்சு ஈரமாக இருக்கும்போதே கல்லைப் படுக்க வைக்க வேண்டும். 80 சென்டிமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வாட்டம் வாய்க்கால் பக்கம் இருக்க வேண்டும். கல்லின் விலையோடு பார்த்தால் இதற்குச் செலவு குறைவுதான், ஆனால் ஆள் நேரம் கூடும். அந்தக் கூலியை, வேலையை எடுத்துச் செய்யும் குத்தகையாளரிடம் பேரம் பேசாமல் கொடுங்கள்.

கல் பதித்த பையன்களை முற்றத்தில் வைத்துச் சிலர் திட்டியதாகக் கேள்விப்பட்டேன். அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த முறை அது. குத்தகையாளரின் கடைசித் தவணையைப் பொள்ளல் கற்கள் சரியாகும் வரை நிறுத்தி வைப்பது நியாயம். அந்தப் பையன்களின் நாள்கூலி அதில் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை இரவுப் பூசை முடிந்ததும் நான் முற்றத்தில் இருப்பேன். ஒரு வாளியும், சுத்தியலும், குறி போட சாக்கட்டியும் கொண்டு வருகிறேன். செயலவையிலிருந்து இரண்டு பேர் வந்தால் போதும், எல்லாக் கல்லையும் தட்டிக் குறித்துவிடலாம். இதற்குக் காசு ஒன்றும் வேண்டாம். அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
கோயிலுக்கு இரண்டு கல் கொடுத்த வீட்டுப் பிள்ளை